சாக மறுத்த சார்ஜென்ட்

லவுத், லிங்கன்ஷயர்
12 மே 2020

அன்புள்ள லோர்னா அக்காவுக்கு,

உன் கைபேசியில் என் எண்ணை நீ அடைத்து வைத்து எட்டு மாதமாகிறது. மின்னஞ்சல் அனுப்பினால் கிணற்றில் போட்ட கல்தான். தபாலை மட்டும் உன்னால் அடைக்க முடியாது என்று நேற்றுதான் புத்தியில் உறைத்தது. அறுபத்திரண்டு வயதில் ஒருவன் சொந்த அக்காவிடம் பேசத் தபால்தலையை நக்கி ஒட்டிக்கொண்டிருக்கிறான். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து நாற்பதை நடித்து நடித்து, கடைசியில் அங்கேயே போய்ச் சேர்ந்துவிட்டோம் பார்.

நான் நலம். ஊரடங்கில் ஆளரவமே இல்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் சும்மா இருக்க முடியாமல் ஊர்க்காவல் படைச் சீருடையைப் போட்டுக்கொண்டு தோட்டத்தில் கேரட்டுக்குத் தண்ணீர் ஊற்றுகிறேன். பக்கத்து வீட்டுக்காரர் வேலிக்கு மேலாக சல்யூட் அடிக்கிறார். சட்டைப் பொத்தான்தான் முன்போல் சேர மாட்டேன் என்கிறது. துணி சுருங்கிவிட்டது போலிருக்கிறது.

நம் நாடகக் குழு கிரஹாமின் சுற்றறிக்கை உனக்கும் வந்திருக்கும். ஹார்ட்லிங் திடலில் வருடா வருடம் நாம் நடிக்கிற 'விமானத் தளத் தாக்குதல்' போர் நாடகம் இந்த வருடம் கிடையாது. வெடியும் கிடையாது, ஜெர்மன்காரனும் கிடையாது. ஆகஸ்டில் பழைய விமானங்கள் மட்டும் பறக்குமாம். அவரவர் வண்டியில் வந்து, அவரவர் கட்டத்துக்குள் நின்று பார்த்துவிட்டுப் போக வேண்டுமாம். நீ வருவாயா?

அந்த செப்டம்பர் விவகாரம் பற்றி ஒரு வார்த்தை. நான் செய்தது உனக்குத் தவறாகத் தெரிந்திருந்தால் வருந்துகிறேன்.

உன் தம்பி,
ராட்னி

*

ஃபேக்கன்ஹம், நார்ஃபோக்
21 மே 2020

ராட்னி,

'உனக்குத் தவறாகத் தெரிந்திருந்தால்.' அடடா, எவ்வளவு பெரிய மனது! முப்பத்தைந்து வருடம் கணக்கு வாத்தியாராக இருந்தவளிடம் இந்த வித்தையெல்லாம் பலிக்காது. விடை தப்பாகப் போட்டுவிட்டு, 'உங்களுக்குத் தப்பாகத் தெரிந்தால்' என்று எழுதிய பிள்ளைகளை நான் நிறையப் பார்த்தாகிவிட்டது.

நீ மறந்திருப்பாய். நான் நினைவுபடுத்துகிறேன்.

பன்னிரண்டு வருடமாக நீ அந்தத் திடலில் சார்ஜென்ட். பன்னிரண்டு வருடமாக ஜெர்மன் பாராசூட் படை வந்து இறங்குகிறது, சுடுகிறது, ஈசல் மாதிரி விழுந்து சாகிறது. கிரஹாம் பாவம், நல்ல பல் டாக்டர். ஜெர்மன் கேப்டனாக வருடா வருடம் தேநீர்க் கூடாரத்துக்குப் பக்கமாகப் பார்த்துச் செத்துக்கொண்டிருக்கிறார். உன் பக்கத்தில் நிற்பவர்கள்கூட முறை வைத்துச் செத்திருக்கிறார்கள். நீ ஒரு தடவை சாகவில்லை. கல்யாண வீட்டில் மாப்பிள்ளையாகவும் சாவு வீட்டில் பிணமாகவும் இருக்க ஆசைப்படுகிறவர்களை எனக்குத் தெரியும். நீ பிணமாகக்கூட இருக்க மாட்டாய்!

அந்தப் பன்னிரண்டு வருடமும் பெண்களான எங்களுக்கு என்ன வேலை? தேநீர் ஊற்றுவது. கைக்குட்டையை ஆட்டுவது. வைக்கோல் கொட்டகையில் கோழி அடைந்துகொண்டிருந்த 1938 ஆம்புலன்ஸை வாங்கி மூன்று வருடம் என் கையால் பழுது பார்த்தேன். கமிட்டியில் சண்டை போட்டு எங்கள் காட்சிக்கு நான்கு நிமிடம் வாங்கினேன். வென்டி, நான், இன்னும் இரண்டு பெண்கள், நான்கு பேரும் ஒரு குளிர்காலம் முழுக்க ஸ்ட்ரெச்சர் தூக்கிப் பழகினோம். நாடகத்தை எழுதியதும் நானே. ஆறாவது நிமிடம் ஹரிக்கேன் விமானம் இரண்டாம் முறை தாழ்வாகப் பறந்து போகும். கிரஹாம் சுடுவார். சார்ஜென்ட் எண்ணெய்ப் பீப்பாய்களுக்குப் பக்கத்தில் விழுவார். ஆம்புலன்ஸ் வரும்.

கிரஹாம் சுட்டார். மூன்று தரம் சுட்டார். நீ சட்டையைத் தட்டிவிட்டுக்கொண்டு நேராக ஓடிப் போய் அவரைச் சிறைப்பிடித்தாய்! நாலாயிரம் பேர் கைதட்டினார்கள். "நான் பல் டாக்டர்ப்பா, இவ்வளவு பக்கத்துல எனக்குக் குறி தப்பினதே இல்ல"ன்னு அவர் இன்றுவரை புலம்புகிறார்.

நாங்கள் மணியடித்துக்கொண்டு உள்ளே வந்துவிட்டோம். ஸ்ட்ரெச்சரை இறக்கியும் விட்டோம். தூக்க ஆளில்லை. நான்கு பேரும் வெறும் ஸ்ட்ரெச்சரோடு பீப்பாயைச் சுற்றி வந்தோம். முன் வரிசையில் ஒரு குழந்தை கேட்டது என் காதில் விழுந்தது: "அம்மா, அந்தப் பாட்டிங்க எதைத் தொலைச்சுட்டாங்க?"

ஆகஸ்டில் நான் வருகிறேன். விமானத்தைப் பார்க்க.

லோர்னா

*

லவுத்
2 ஆகஸ்ட் 2020

அன்புள்ள அக்கா,

உன் கடிதத்தை வென்டிதான் கொண்டுவந்து கொடுத்தாள். எங்கள் தெருவுக்குத் தபால் போடுவது அவள்தான் என்பதை மறந்துவிடாதே. உறை மேலிருந்த உன் எழுத்தைப் பார்த்ததும் இரண்டு மீட்டர் தள்ளி நின்று, "சூடா இருக்குப்பா, கையுறை போட்டுப் பிரி" என்றாள்.

திட்டினாலும் எழுதினாய். அதுவே போதும்.

எனக்கு ஹார்ட்லிங்கில் டி வரிசை, பதினான்காம் கட்டம். சுண்ணாம்புக் கோடு போட்டிருப்பார்களாம். கோட்டைத் தாண்டினால் அடுத்த வருடம் அனுமதி இல்லையாம். என் பழைய மோட்டார் சைக்கிள் மண்டையைப் போட்டுவிட்டதால் அன்றாடம் ஓட்டும் சின்னக் காரில் வருகிறேன். பழையது பார்க்கப் புதியதில் போகிறோமே என்று எனக்கே கூச்சமாக இருக்கிறது. நீ எந்தக் கட்டம்?

இஞ்சிக் கேக் செய்துகொண்டு வருகிறேன். அம்மா செய்கிற மாதிரி, நடுவில் கொஞ்சம் அமுங்கினது.

ராட்னி

*

ஃபேக்கன்ஹம்
17 ஆகஸ்ட் 2020

ராட்னி,

நேற்று நடந்ததை நீ ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிவதற்குள் நானே எழுதிவிடுகிறேன்.

வர்ணனையை ஒலிபெருக்கியில் சொல்ல மாட்டார்கள், காரிலுள்ள வானொலியில்தான் கேட்க வேண்டும் என்று அறிவிப்பில் போட்டிருந்தது. நானும் படித்தேன். ஏ வரிசை முழுக்க எங்கள் குழுவின் பழைய வண்டிகள். நாங்கள்தான் திடலுக்கே அழகு என்று முன்னால் நிற்க வைத்தார்கள். எல்லாரும் மெழுகு போட்டுத் துடைத்து, போர்க்கால இருட்டடிப்புத் திரைத் துணியில் முகமூடி தைத்துக் கட்டிக்கொண்டு, மிடுக்காக நிற்கிறோம். மணி இரண்டானது. பின்னாலிருக்கும் ஐந்நூறு காரிலும் வானொலி பேசுகிறது. எங்கள் வரிசையில் முப்பது வண்டி. ஒன்றிலாவது வானொலி இருக்க வேண்டுமே! வண்டியில் 1940க்குப் பிந்திய சாமான் எதுவும் இருக்கக்கூடாது என்று விதி போட்டது யார்? நான்தான். கிரஹாம் தன் கட்டத்திலிருந்து என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே!

என்ன பறக்கிறது, யார் ஓட்டுகிறார்கள், எப்போது வரும், ஒன்றும் தெரியாமல் செவிடர்கள் மாதிரி அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தோம். அப்போதுதான் டி வரிசையில் ஒரு தடித்த மனிதர் சின்னக் காரின் கூரைக்கம்பியைப் பிடித்துக்கொண்டு, கதவு விளிம்பில் ஏறி நிற்கிறார். கையில் இரண்டு சமையலறைத் துண்டு. ஒன்று சிவப்புக் கட்டம், ஒன்று வாத்துப் படம் போட்டது. கொடிச் சைகையில் ஒவ்வொரு எழுத்தாக ஆட்டுகிறார்: 'அடுத்தது டைகர் மாத் விமானம்.'

நான் அதை வாய்விட்டுப் படித்தேன். பக்கத்துக் கட்டம் கேட்டு, அடுத்த கட்டத்துக்குக் கத்தியது. அப்படியே முப்பது வண்டிக்கும் போனது. கடைசி வண்டிக்குப் போவதற்குள் விமானம் இறங்கிவிட்டது என்பது வேறு விஷயம். இரண்டு மணி நேரம் நீ கையை இறக்கவில்லை. 'ஹரிக்கேன் இரண்டாம் முறை வருகிறது' என்று நீ காட்டியபோது மட்டும் நான் படித்துச் சொல்லவில்லை. அது எனக்கென்று தெரிந்தது.

கேக் டப்பாவைத் திடல் ஊழியர் நீளக் கம்பின் நுனியில் வைத்துக் கொண்டுவந்து கொடுத்தார். கிருமிநாசினி அடித்து, துடைத்து, பாம்பைப் பிடித்துவருகிற மாதிரி. கேக் நன்றாக இருந்தது. இஞ்சி கொஞ்சம் கூட.

ஒன்றே ஒன்று கேட்கிறேன், மழுப்பாமல் சொல். அன்றைக்கு ஏன் விழவில்லை? கைதட்டலுக்கா?

லோர்னா

*

லவுத்
25 ஆகஸ்ட் 2020

அன்புள்ள அக்கா,

தோள்பட்டை இன்னும் வலிக்கிறது. ஆனால் அவ்வளவு சந்தோஷமான ஞாயிற்றுக்கிழமை எனக்கு இந்த வருடம் வாய்க்கவில்லை. நீ வாய்விட்டுப் படிக்கிறதை அங்கிருந்தே உதட்டசைவில் பார்த்தேன். முகமூடியை இறக்கிவிட்டுத்தானே படித்தாய்? விதியைப் போடுகிறவளே மீறுகிறாள்.

நீ கேட்ட கேள்விக்கு மூன்று தாளைக் கிழித்துவிட்டேன். காரணம் ஒன்று உண்டு. கைதட்டல் இல்லை. சொன்னால் சிரிப்பாய். சிரிக்காவிட்டால் இன்னும் மோசம்.

விடு. குளிர் வருகிறது, ஆம்புலன்ஸ் ரேடியேட்டரில் தண்ணீரை வடித்துவிடு.

ராட்னி

*

ஃபேக்கன்ஹம்
8 ஜனவரி 2021

ராட்னி,

இந்த வருடமாவது சொன்னபடி ஒழுங்காகச் செத்துத் தொலை.

ஆகஸ்ட் 22 தாக்குதல் நடக்கும், தடுப்பூசி வந்துவிட்டது என்று கிரஹாம் நம்பிக்கையாக இருக்கிறார். நேற்று பெயர்ப்பட்டியல் அனுப்பினார். உன் பெயருக்கு நேரே 'சார்ஜென்ட் (உயிருடன்)' என்று போட்டிருக்கிறது! நீதான் அப்படிப் போடச் சொன்னாயாம். ஐந்து மாதமாக ஒழுங்காக இருந்துவிட்டு, திரும்பவும் நாய் வாலா?

நீ சாவதற்காக நான்கு பெண்கள் இரண்டு வருடமாகக் காத்திருக்கிறோம். நீ செத்தால்தான் எங்களுக்கு வேலை. எப்படிச் சாவது என்று உனக்குத் தெரியாததால் எழுதுகிறேன், மனப்பாடம் செய்துகொள். இடது பக்கமாகச் சாய். முதலில் முழங்கால், பிறகு தோள். தலை கடைசி. கடைசி மூச்சில் வசனம் பேசாதே. இழுத்தடிக்காதே, சட்டென்று போய்விடு. போனபின் கண்ணைத் திறந்து பார்க்காதே. உன்னை எடுத்துக்கொண்டு போக வேண்டியது எங்கள் பொறுப்பு. எல்லாம் தயாராக இருக்கிறது.

இந்த முறையும் உயிரோடு எழுந்து வந்தால் என் முகத்திலேயே விழிக்காதே.

லோர்னா

*

ஃபேக்கன்ஹம்
16 ஜனவரி 2021

ராட்னி கண்ணா,

வென்டி இப்போதுதான் போன் செய்தாள். என்னிடம் சொல்லக்கூடாது என்று நீ பக்கத்து வீட்டுக்காரரிடம் சத்தியம் வாங்கினாயாமே. அவர் அவளிடம் வாங்கினாராம். ஐந்து நாள் அடக்கி வைத்திருந்து இன்று அழுதுகொண்டே கொட்டிவிட்டாள். ஐந்து நாளாக நீ ஆஸ்பத்திரியில் மூச்சுக்குக் கஷ்டப்படுகிறாய், நான் இங்கே அடுப்படியில் நின்று உன்னைத் திட்டிக்கொண்டே ஆரஞ்சு மார்மலேட் கிண்டியிருக்கிறேன்.

அந்தக் கடிதம். கடவுளே, அந்தக் கடிதம். உனக்கு வந்ததை வென்டி ஆஸ்பத்திரி வாசலிலேயே கொடுத்துவிட்டாளாம். வந்திருந்தால் படிக்காதே. படித்திருந்தால் மற. ஒரு வரியும் நான் நினைத்து எழுதியதில்லை.

விழாதே. எழுந்து வா. பன்னிரண்டு வருடம் எப்படி விடாப்பிடியாக நின்றாயோ அப்படியே நில். யார் எத்தனை முறை சுட்டாலும் சட்டையைத் தட்டிவிட்டுக்கொண்டு எழுந்து வந்துவிடு. ஊரே கைதட்டட்டும், நானும் தட்டுகிறேன்.

வந்து பார்க்கக்கூட விட மாட்டேன் என்கிறார்கள். எனக்கு இருப்பது நீ ஒருவன்தான். அதை உன்னிடம் நேரில் சொல்லியிருக்கவே மாட்டேன், அதனால் எழுதுகிறேன்.

உன் எண்ணைத் திறந்துவிட்டேன். நீ கூப்பிடாவிட்டாலும் பரவாயில்லை. திறந்திருக்கிறது.

அக்கா

*

லவுத், வீட்டிலிருந்து
19 பிப்ரவரி 2021

அன்புள்ள அக்கா,

போனில் பேசினால் உனக்கு அழுகை வருகிறது, எனக்கு இருமல் வருகிறது. ஆக இரண்டு பேருக்கும் தபால்தான் தோது. கையில் இன்னும் முழுத் தெம்பு வரவில்லை. எழுத்தைப் பார்த்துத் திட்டாதே.

ஜனவரியில் வந்த உன் முதல் கடிதத்தின் கதையைக் கேள். பன்னிரண்டாம் தேதி. முகத்தில் பெரிய ஆக்சிஜன் முகமூடி, குழாய் எல்லாம் மாட்டி, முதன்முறையாக விமானி மாதிரி இருந்தேன். கண்ணாடி போட முடியவில்லை. மரிசெல் என்று ஒரு நர்ஸ், பிலிப்பைன்ஸ் பெண், தங்கமான பெண். "சார், உங்க அக்கா லெட்டர் போட்டிருக்காங்க, படிக்கட்டுமா? தெம்பா இருக்கும்" என்று சொல்லிக் கட்டிலருகே வந்து நின்று பிரித்தாள்.

"'இந்த வருடமாவது சொன்னபடி ஒழுங்காகச் செத்துத்...'"

நிறுத்திவிட்டாள். தாளைத் திருப்பிப் பார்த்தாள். "சார், இது உங்க சொந்த அக்காவா?"

தலையாட்டினேன். அவள் மெதுவாக அடுத்ததைப் படிக்கிறாள். "'நீ சாவதற்காக நான்கு பெண்கள்...' சார், இவங்க யாரு? போலீஸுக்குச் சொல்லணுமா?"

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது, அக்கா. அடக்கவே முடியவில்லை. இயந்திரம் கீகீ என்று கத்துகிறது, இன்னும் இரண்டு பேர் ஓடிவருகிறார்கள். "சிரிக்காதீங்க சார், ஆக்சிஜன் இறங்குது, சிரிக்காதீங்க!" என்று மரிசெல் கத்துகிறாள். விஷயத்தைத் துண்டுத்தாளில் எழுதிக் காட்டினேன்: 'நாடகம். போர் நாடகம்.' படித்துவிட்டு அவளும் சிரித்துத் தொலைத்தாள். பிறகு 'இடது பக்கமாகச் சாய்' என்கிற பக்கத்தை எடுத்து, 'இந்த வார்டில் இதற்கு அனுமதி இல்லை' என்று தலைப்பில் எழுதி, என் கட்டிலுக்கு மேலே ஒட்டிவிட்டாள். டாக்டர்கள் வரும்போதெல்லாம் அதைத்தான் முதலில் படித்தார்கள்.

இரண்டாவது கடிதத்தை அவளிடம் கொடுக்கவில்லை. கண்ணாடியை முகமூடிக்கு மேல் எப்படியோ மாட்டி நானே படித்தேன். அதைப் பற்றி இப்போது எழுத மாட்டேன். சட்டைப் பையில் இருக்கிறது.

சரி, நீ கேட்டதற்கு வருகிறேன். 2018 அக்டோபரில் முதல் ஒத்திகை நடந்த நாள் ஞாபகமிருக்கிறதா? தேநீர்க் கூடாரத்துக்குப் பின்னால் சாஸேஜ் ரோலைக் கடித்துக்கொண்டு நின்றேன். உள்ளே வென்டி சொல்கிறாள்: "ராட்னியைத் தூக்கணும்னா கிரேன்தான் வரணும்." எல்லாரும் சிரித்தார்கள். அவள் மேல் எனக்குக் கோபமில்லை. அப்போது நான் நூற்றுப் பதினெட்டு கிலோ. நான் விழுந்து, நீங்கள் நான்கு பேரும் மூச்சுப் பிடித்துத் தூக்க முடியாமல் திணறி, கம்பு ஒடிந்து, நாலாயிரம் பேர் சிரிப்பதை அப்படியே கண்ணால் பார்த்தேன். உன் மூன்று வருட உழைப்பு என் தொப்பையால் சந்தி சிரித்துவிடும். கிரஹாம் சுட்டபோது விழத்தான் நினைத்தேன். கால் மடங்கவில்லை. ஓடிவிட்டேன். கர்வம் என்று நீ நினைத்தாய். நினைத்துக்கொள்ளட்டும் என்று விட்டுவிட்டேன். வெட்கம் என்று சொல்வதைவிட அது சுலபமாக இருந்தது.

ஜனவரி பதினொன்றாம் தேதி காலை ஆம்புலன்ஸில் இரண்டு பெண்கள் வந்தார்கள். இருவருக்கும் சேர்த்து வயது ஐம்பது இருக்காது. நம் வீட்டு மாடிப்படி எவ்வளவு குறுகல் என்று உனக்குத் தெரியும். "நான் ரொம்ப கனம்மா" என்றேன். "கனமா? நேத்து ஒருத்தரைப் பியானோவோட சேர்த்துத் தூக்கிட்டு வந்தோம் தாத்தா. ஒண்ணு, ரெண்டு, மூணு!" தாத்தா என்றதற்குக் கோபம்கூட வரவில்லை. ஒரு முனகல் இல்லாமல் கீழே கொண்டுவந்துவிட்டார்கள். நான் கண்ணை மூடிக்கொண்டு உன்னைத்தான் நினைத்தேன். இவ்வளவு சுலபமா, இதற்காகவா ஓடினேன் என்று.

மன்னித்துவிடு, அக்கா. இந்த முறை 'தெரிந்திருந்தால்' எல்லாம் இல்லை.

ராட்னி

*

ஃபேக்கன்ஹம்
23 பிப்ரவரி 2021

ராட்னி, மக்குப் பயலே,

வென்டி அதைச் சொன்னபோது நானும் அங்கேதான் இருந்தேன். சிரித்தேனா என்று கேட்காதே. சிரித்தேன். பிறகு வீட்டுக்கு வந்து கணக்குப் போட்டேன்.

உன் பெல்ட்டில் எந்தத் துளை, சட்டைக்கு எந்தக் கழுத்தளவு என்பது எனக்குத் தெரியாதா? நூற்றிருபது கிலோ என்று வந்தது. ஈரச் சீருடை, பூட்ஸுக்கு ஐந்து சேர்த்தேன். நூற்றிருபத்தைந்து கிலோ மணலை மூட்டை கட்டி, அதற்குப் பழைய கால்சட்டை மாட்டி, ஊராட்சி மன்றத்துக்குப் பின்னாலிருக்கும் மைதானத்தில் வாரா வாரம் கூடித் தூக்கினோம். முதல் வாரம் இரண்டு அடிகூட நகரவில்லை. செப்டம்பரில் அதைத் தூக்கிக்கொண்டு ஓடினோம், ஓடினோம் என்றால் ஓட்டமேதான். மூட்டைக்கு என்ன பெயர் தெரியுமா? ராட்னி. "ராட்னியோட வலது காலைப் பிடி", "ராட்னியை மழையில விட்டுட்டுப் போகாதே" என்று குளிர்காலம் பூராவும் உன் பெயர்தான்.

வென்டிக்கு உன் கடிதத்தைப் போனில் படித்துக் காட்டினேன். அப்படியே வாசல்படியில் உட்கார்ந்துவிட்டாளாம். "வாய்க்கு ஒரு பூட்டு வாங்கணும் எனக்கு"ன்னு திரும்பத் திரும்பச் சொன்னாள். உன்னைப் பார்த்தால் கட்டிப்பிடிப்பாள், சட்டம் அனுமதித்த பிறகு.

கேட்டிருந்தால் அன்றே சொல்லியிருப்பேன், முட்டாளே. நீயும் கேட்கவில்லை, நானும் போனை அடைத்தேன். போகட்டும்.

மூட்டை ராட்னி இன்னும் என் கொட்டகையில்தான் கிடக்கிறான். போட்ட இடத்தில் கிடக்கிறான், நல்ல பிள்ளை. நீ ஒழுங்காகச் சாப்பிடு. மெலிந்து போய்விட்டால் எங்கள் கணக்கு உதைக்கும்.

ஆகஸ்டில் நீ சாக வேண்டாம். பட்டியலில் 'உயிருடன்' என்றே இருக்கட்டும். நாங்கள் கிரஹாமைத் தூக்கிக்கொள்கிறோம், அவருக்கு அதில் ஆட்சேபமில்லை. நீ கீழே விழுவதைப் பார்க்க எனக்கு இப்போது தைரியம் இல்லை.

அக்கா

*

லவுத்
23 ஆகஸ்ட் 2021

அன்புள்ள அக்கா,

நேற்று மாலை உன்னோடு ஒரே மேசையில் உட்கார்ந்து பன்றிக்கறி அடைத்துச் சுட்ட பை இரண்டு தின்றேன், ஆனாலும் இதை எழுதத்தான் வேண்டும். நேரில் கேட்டால் நீ, "போடா, நாடகம்தானே" என்று சொல்லிவிடுவாய்.

பட்டியலைத் திருத்தச் சொல்லிக் கிரஹாமிடம் வெள்ளிக்கிழமைதான் சொன்னேன். உன்னிடம் சொல்ல வேண்டாம் என்று கேட்டுக்கொண்டேன். அவர் என் கையைப் பிடித்துக் குலுக்கி, "பதினாலு வருஷமாக் காத்திருக்கேன்" என்றார். கண் கலங்கிவிட்டது அவருக்கு.

ஆறாவது நிமிடம். ஹரிக்கேன் இரண்டாம் முறை தலைக்கு மேலே உறுமிக்கொண்டு போனது. கிரஹாம் ஒரு தரம்தான் சுட்டார். இடது பக்கமாகச் சாய்ந்தேன். முதலில் முழங்கால், பிறகு தோள், தலை கடைசி. புல் நல்ல வாசனையாக இருந்தது. வசனம் பேசவில்லை. கைதட்டலும் இல்லை. திடல் முழுக்க 'ஐயோ' என்று ஒரு சத்தம், அவ்வளவுதான். இத்தனை வருடம் அந்தத் திடலில் நின்றிருக்கிறேன், அத்தனை பேர் ஒரேயடியாக அமைதியானதைக் கேட்டதில்லை.

உன் மணிச்சத்தம் வந்தது. உனக்கு என்ன ஆனது என்று எனக்குத் தெரியும். கிரஹாமைத் தூக்க வந்தவள், பீப்பாய்ப் பக்கம் கிடப்பது நான் என்று பார்த்துவிட்டாய். ஓடிவந்த பூட்ஸ் நின்றது. ஒரு கணம்தான். பிறகு, "அங்க இல்ல, இங்க! இவனை!" என்று கத்தினாய். அது நாடகத்தில் இல்லாத வசனம்.

நான்கு பேரும் குனிந்தீர்கள். ஒன்று, இரண்டு, மூன்று. நான் மேலே வந்துவிட்டேன்.

"என்னடி இது, பஞ்சு மாதிரி இருக்கான்," என்றாள் வென்டி. "மூட்டையே கனம்."

"பேசாமத் தூக்கு."

நான் உதட்டை அசைக்காமல் கேட்டேன்: "அக்கா, கனமா இருக்கேனா?"

"செத்தவனே, வாயை மூடு."

அப்புறம்தான் கைதட்டல் வந்தது. எனக்கு வந்ததல்ல அது. நாலாயிரம் பேரும் எழுந்து நின்று உங்கள் நான்கு பேருக்கும் தட்டினார்கள். நான் கண்ணைத் திறக்கவில்லை, சத்தத்திலேயே தெரிந்தது. தலைமாட்டில் நீதான் பிடித்திருந்தாய். ஆம்புலன்ஸ் கதவை எட்டுவதற்குப் பத்தடி இருக்கும்போது என் மூக்கு நுனியில் ஒரு சொட்டு விழுந்தது. வெயில் அடித்துக்கொண்டிருந்தது, அதனால் மழை இல்லை. பிறகு இன்னொன்று. அது மூக்கோரமாக வழிந்து உதட்டுக்கு வந்தது. உப்பாக இருந்தது. தாங்க முடியாத அரிப்பு. கையைத் தூக்கித் துடைத்திருக்கலாம், யார் கேட்கப்போகிறார்கள்?

துடைக்கவில்லை, அக்கா. நீ எழுதியிருந்தபடி, கதவு சாத்துகிறவரை அசையாமல் செத்துக் கிடந்தேன்.

உன் தம்பி,
ராட்னி